மோதிர மகாத்மியம்

கல்யாணத்துக்குள் காலப்போக்கில் நுழைந்த பொருள்கள் எத்தனையோ. அவற்றில் மோதிரத்தைப் போல அடக்கமான, பேராசையற்ற, யாருக்கும் இடைஞ்சல் தராத பொருள் வேறொன்று இல்லை. புதிதாக வருபவர்கள் பழையவர்களைத் தள்ளிவிட்டு உட்காருவதுதான் உலக வழக்கம். மோதிரம் அப்படிச் செய்யவில்லை. எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து நிச்சயதார்த்தங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது வெற்றிலை பாக்குத் தட்டு இருந்தது. தாலி, மெட்டி, கூறைப்புடவை, சீர்வரிசை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒருவரையும் எழுப்பாமல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. செலவுக் கணக்கில் ஒரு வரி கூடியதே தவிர, பழைய வரி ஒன்றுகூட அடிபடவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த விருந்தாளியைப் புகழாமல் இருப்பது பாவம்.

முதலில் குலப்பெருமை. மோதிரத்தின் பூர்வீகம் ரோமாபுரி என்பார்கள். நிச்சயித்த பெண்ணுக்கு அனுப்புவது இரும்பு மோதிரம்தான், அதில் கல்லும் கிடையாது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். இரும்பு! சேதாரம் போட வழியில்லை. செய்கூலியில் தள்ளுபடி அறிவிக்க முடியாது. அவசரத்துக்கு அடகு வைக்கவும் ஆகாது. இப்படிப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்து, விடாமுயற்சியால் தங்கத்துக்கு உயர்ந்து, வைரத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட பொருளைப் பார்த்து நம் பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும்.

மோதிரத்தின் விஞ்ஞான அறிவும் சாதாரணமானதல்ல. இடக்கையின் மோதிரவிரலிலிருந்து இதயத்துக்கு நேராக ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது, உடலை அறுத்துப் பார்த்து எகிப்தியர் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டில் அவுலஸ் கெல்லியஸ் என்ற ரோமானியர் எழுதினார். அதற்குப் பிறகு பதினெட்டு நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் அறுத்த உடல்களுக்குக் கணக்கில்லை. அந்தத் தனி நரம்பு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. தோல்வி மருத்துவத்துடையதே. அந்த விரலைத் தொட்டால் அப்பாவின் வங்கிக் கணக்கு வரை ஆடுகிறது என்பதை எந்த நகைக்கடை விற்பனையாளரும் நிரூபித்துக் காட்டுவார்.

நம் நாட்டில் அது ஆற்றிய சேவை இன்னும் பெரிது. அசோகவனத்தில் அனுமன் நீட்டிய கணையாழியைக் கண்டதும் சீதை நம்பினாள். வந்தவன் ராமனின் தூதன்தான் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மோதிரத்தின் பக்குவம் இங்கேதான் தெரிகிறது. கணவன் தரப்பை நிரூபித்ததோடு அது தன் வேலையை முடித்துக்கொண்டது. போர் முடிந்து மனைவி தன்னை நிரூபிக்க வேண்டி வந்தபோது அது வாயே திறக்கவில்லை. ராமனுக்கு மோதிரம் போதும், சீதைக்குத் தீ வேண்டும் என்ற வேலைப் பிரிவினையை அது பணிவோடு ஏற்றுக்கொண்டது.

காளிதாசனின் துஷ்யந்தன் கதை எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணியான சகுந்தலை சபையில் நேரில் வந்து நின்று சொன்னபோது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. ஆற்றில் தவறி விழுந்த மோதிரம் மீன் வயிற்றுக்குள் போய், மீனவனைத் திருடன் என்று பிடித்து உதைக்கவைத்து, அரண்மனைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாம் பளிச்சென்று ஞாபகம் வந்துவிட்டது. முனிவரின் சாபம் என்று காளிதாசன் காரணம் சொல்கிறார்; பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பெண்ணின் சொல்லைவிட உலோகத்தின் சொல்லுக்கு எடை அதிகம் என்று அன்றைக்கே நிலைநாட்டிய பெருமை மோதிரத்தையே சேரும்.

வைரம் எப்போது வந்தது? 1477-இல் ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததை நகைக்கடைக்காரர்கள் ஒருவர் விடாமல் சொல்வார்கள். காதல் காவியம் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். மேரி அப்பாவை இழந்தவள், ஐரோப்பாவின் செல்வம் கொழித்த நாடுகளில் ஒன்றுக்கு வாரிசு, அந்தக் கல்யாணத்தின் பலனாக நெதர்லாந்துப் பகுதிகள் மாப்பிள்ளை வீட்டாரின் ஆட்சிக்குள் வந்தன என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரு மோதிரம் போட்டு ஒரு நாட்டை வாங்கிய அந்தக் கணக்கில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்காத பகுதி எதுவும் இல்லை.

ஆனாலும் வைரம் ஏழை எளியவர்களின் விரலுக்கு வர இன்னும் நானூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1720-களில் பிரேசிலில் கிடைக்கும்வரை உலகத்து வைரமெல்லாம் ஏறக்குறைய நம் நாட்டிலிருந்து, முக்கியமாகக் கோல்கொண்டாச் சுரங்கங்களிலிருந்து போனவை. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூரில் மண்ணைத் தோண்டிச் சலித்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வைரம் மாற்றிக்கொண்டதாக ஒரு தகவலும் இல்லை. பாவம், விளம்பரம் இல்லாத காலம். 1867-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் வைரம் குவியல் குவியலாகக் கிடைத்தது. குவிந்த பொருள் மலிய வேண்டும் என்பது சந்தை விதி. அந்த அநியாயம் நடந்துவிடக் கூடாது என்றுதான் 1888-இல் டி பீர்ஸ் கம்பெனி உருவாகி, சுரங்கங்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு, கல்லை அளந்து அளந்து வெளியே விட்டது.

காதலுக்கு அவர்கள் செய்த தொண்டு அதற்குப் பிறகுதான். பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர்கள் வைரம் வாங்கத் தயங்கிய 1938-இல், டி பீர்ஸைக் கையில் வைத்திருந்த குடும்பத்து ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க்குக்குப் போய் என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தாரைப் பார்த்தார். 1947-இல் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதிய ஒரே வரி, வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று உலகத்தை நம்பவைத்தது. ஜெரட்டி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல்காரர் தன் கையால் சமைத்ததைச் சாப்பிடாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நாம் ஏன் கேட்க வேண்டும்? மோதிரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மக்களின் குழப்பத்தையும் அந்த விளம்பரங்கள் தீர்த்துவைத்தன: அமெரிக்கர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம், ஜப்பானியர்களுக்கு மூன்று மாதம். ஜப்பானில் 1967-இல் நூற்றுக்கு ஐந்து மணப்பெண்களிடம்கூட வைர மோதிரம் இல்லை. 1981-இல் அறுபது பேரிடம் இருந்தது. பதினான்கு ஆண்டுகளில் தொன்றுதொட்ட சம்பிரதாயம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டார்கள். நாமெல்லாம் சம்பிரதாயத்துக்கு ஆயிரம் ஆண்டு காத்திருந்த சோம்பேறிகள்.

இனி எங்கள் ஊர்ப் பெருமைக்கு வருகிறேன். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கம்பெனி ஓசூரில் கைக்கடிகாரம் செய்தது. 90-களில் அந்நியச் செலாவணிக்காக நகைக்கும் கைநீட்டியது. ஐரோப்பியர்களுக்கென்று 18 காரட்டில் செய்த நகையை நம்மவர்களிடம் காட்டியபோது, இது என்ன தங்கமா, பித்தளையா என்று முகத்தைச் சுளித்தார்கள். பிறகு 22 காரட்டுக்கு இறங்கி வந்தார்கள், அல்லது ஏறி வந்தார்கள். தனிஷ்க் என்று பெயரிட்ட தங்கள் நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்று ஒரு பெட்டியை வைத்தார்கள். நகையை உருக்காமல், உரசாமல், எக்ஸ் கதிரை விட்டுச் சில நிமிஷத்தில் எத்தனை காரட் என்று சொல்லிவிடும். பாட்டி காலத்திலிருந்து நம்பிய பத்தர் போட்ட 22 காரட், பல பேருக்கு அந்தப் பெட்டிக்குள் போய்விட்டு 19 ஆகத் திரும்பி வந்தது. மூன்று தலைமுறை நட்பை மூன்று நிமிஷத்தில் முடித்துவைத்து, குறைந்த காரட்டைக் கொடுத்துவிட்டு நிறைந்த காரட்டை வாங்கிக்கொள்ளத் திட்டமும் வைத்திருந்தார்கள். நம்பிக்கை உடைந்த இடத்திலேயே புது நம்பிக்கை விற்கும் வசதியை வேறெந்தத் தொழிலில் பார்க்க முடியும்? 2024 ஆகஸ்டில் டி பீர்ஸும் தனிஷ்க்கும் இந்தியாவில் இயற்கை வைரத்தை வளர்க்கக் கைகோத்தன. கோல்கொண்டாவில் மண் சலித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வைரம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்க ஆள் வந்துவிட்டார்கள்.

ஆலையில் மோதிரம் பிறக்கும் விதமே தனி அழகு. கணினியில் வரைந்த உருவத்தை மெழுகில் வார்த்து, அந்த மெழுகு மோதிரங்களை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டுவார்கள். தொழிலில் அதற்குப் பெயரே மரம். மரத்தைச் சுற்றி ஜிப்சம் கலவையை ஊற்றி, இறுகியதும் உலையில் வைத்தால் மெழுகு ஓடிவிடும். அது விட்ட வெற்றிடத்தில் உருகிய தங்கம் போய் நிற்கும். ஒரே மரத்தில் டஜன் கணக்கில் பிறந்த அண்ணன் தம்பிகளைக் கத்தரித்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வைத்து, ‘உனக்கே உனக்காக’ என்று அட்டையில் எழுதுவார்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியிலிருந்தும் கை கழுவிய தண்ணீரிலிருந்தும் ஒட்டியிருந்த தங்கத்தைத் திரும்ப எடுப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். வாங்குகிறவர் சேதாரம் என்று கொடுத்த காசு அநாதையாகத் தெருவில் போய்விடுமோ என்ற கவலையே வேண்டாம்.

மோதிரத்தின் மகிமைகளிலெல்லாம் தலையாயது தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சொன்ன பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இன்னாரை மணக்கிறேன் என்று இருவருக்கும் புரிந்த எந்த மொழியிலும் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம். அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். மோதிரம் இன்ன உலோகம் என்றோ இத்தனை கிராம் என்றோ சட்டம் சொல்லவில்லை. விரலைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், ஏதேனும் ஒரு விரலில் என்று எழுதிவிட்டார்கள். இதயத்துக்கு ஓடும் நரம்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஆக, ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மண்டபத்தில் நிச்சயம் நடக்கிறது என்று வையுங்கள். பெண்ணும் பையனும் மோதிரம் மாற்றுகிறார்கள். சுற்றி நானூறு பேர் சாட்சி. இதுதான் எங்கள் கல்யாணம் என்று அந்த இருவரும் மனமொத்துக் கருதிவிட்டால் சட்டத்துக்கு வேறு சடங்கு எதுவும் வேண்டாம். பாயசத்தோடு வீட்டுக்குப் போகலாம். தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாலும் சரி. எங்கள் ஊருக்கு மொழிப் பஞ்சம் இல்லை. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விட்டால் இந்தப் பிரிவு கிடையாது. அங்கே மோதிரம் வெறும் நகை. எல்லைக்கு இந்தப் பக்கம்தான் அது சட்டம்.

இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் மோதிரம் அதை ஒருநாளும் துஷ்பிரயோகம் செய்ததில்லை. தான் ஒருவனே போதும் என்று அது சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைப்பு கெட்டிருக்கும்! மண்டபக்காரர், சமையல்காரர், மேளக்காரர், தாலி செய்பவர், ஆறு மாதம் கழித்து நடக்கும் முகூர்த்தத்துக்கு இன்னொரு முறை படம் எடுக்க வேண்டிய அதே புகைப்படக்காரர். முழுக் கல்யாணத்தின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தைய ஒரு சடங்கின் இடத்தை மட்டும் ஏற்றுக்கொண்ட தியாகத்தை என்னவென்று சொல்வது! செலவைக் குறைக்க வழிவிட்ட சட்டத்தின் பெயரால் செலவைக் கூட்டிய சாமர்த்தியத்தை அரசும் மெச்சியிருக்கும். டைட்டனில் டிட்கோவுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கிறது. கல்யாணத்துக்கு மோதிரமே போதும் என்று சட்டம் போட்ட கையும், மோதிரம் விற்கும் கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் கையும் ஒரே உடம்பில் இருப்பதால் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

மேடையில் அது வரும் கோலத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள், ரோஜா இதழ் நடுவே, மூடியைத் திறந்ததும் குட்டி விளக்கு எரிகிறது. ரோஜாவும் உள்ளூர்தான், பிப்ரவரி 14-க்காக வெளிநாட்டுக்குப் போகும் ரகம். பையன் மோதிரத்தைப் பெண்ணின் விரலில் நுழைக்கிறான். முதல் கணுவில் நின்றுவிடுகிறது. அளவைத் தொலைபேசியில் சொன்ன மாமி வேறு பக்கம் பார்க்கிறார். “அண்ணா, அப்படியே பிடிங்க, மோதிரத்தைப் பாக்காதீங்க, பொண்ணைப் பாருங்க” என்கிறார் புகைப்படக்காரர். பாதி ஏறிய மோதிரத்தோடு இருவரும் சிரிக்கிறார்கள். பையனுக்கு வந்ததோ தொளதொள. சாப்பாட்டுக்குப் போகும் முன் பெண்ணின் அம்மா அதை வாங்கி, அடிப்பக்கம் மஞ்சள் நூலைச் சுற்றி இறுக்கிக் கொடுக்கிறார். “லைஃப் லாங் போடறது, நூலெல்லாம் எதுக்கு சம்பந்தி? மாத்தி வாங்கிடலாமே” என்கிறது அந்தப் பக்கம். மாற்றினால் செய்கூலி மறுபடியும் பெண் வீட்டுத் தலையில்.

ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். மேல்நாட்டில் பெரும்பாலும் பையன் பெண்ணுக்கு வாங்குவதோடு நிச்சய மோதிரம் முடிந்துவிடுகிறது. நாம் சமத்துவம் தெரிந்தவர்கள், இருவருக்கும் உண்டு. பையனுடையதைப் பெண் வீட்டார் வாங்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். “நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க, மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம், ஊர் மெச்சற மாதிரி” என்ற அந்தப் பொன்மொழியைக் கேட்காத தகப்பன் எங்கள் மாவட்டத்தில் உண்டா? 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்டு வாங்குவதைக் குற்றம் என்கிறது. கேட்காமல், வழக்கப்படி, சக்திக்கு மீறாமல் கொடுத்து, பட்டியல் எழுதி வைத்தால் அது அன்பளிப்பு. எதுவும் கேட்கவில்லை என்று முதலிலேயே கேட்டுவிடும் கலையை மோதிரம்தான் நமக்குப் பழக்கிக் கொடுத்தது. மோதிரத்தைத் தொடர்ந்து மற்றவையும் வரும். கைக்கடிகாரம் வேண்டுமா, டைட்டன் ஓசூரில் இருக்கிறது. பைக்கா, டிவிஎஸ் ஆலை ஓசூரில் இருக்கிறது. ஐபோனா, அதன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கம் திம்ஜேப்பள்ளியில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் போடும் சீர் முழுவதையும் ஒரே வட்டாரத்தில் செய்து முடிக்கும் ஊர் வேறெங்கே இருக்கிறது? தொழில் வளர்ச்சி என்று சும்மாவா சொல்கிறார்கள்!

இத்தனையும் செய்கிற தொழிலாளிகளிடம் மோதிரம் காட்டும் கருணை தனி. எந்திரம் சுழலும் பட்டறையில் மோதிரம் ஆகாது. எங்காவது மாட்டினால் சதையை உரித்துக்கொண்டு வரும். நகைப் பட்டறைக்குள் சொந்தத் தங்கம் போட்டுப் போக முடியாது. வெளியே வரும்போது எது யாருடையது என்று கேள்வி வரும். ஆகவே நிச்சயம் முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்கு வரும் பையனும் பெண்ணும் வாசலிலேயே அதைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். பிரியாத பந்தத்தின் அடையாளம் எட்டு மணி நேரம் பூட்டுக்குள் ஓய்வெடுக்கிறது. உழைக்கும்போது தொந்தரவு செய்யாமல், கடன் தவணை கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும் நகை இது ஒன்றுதான்.

ஜப்பானியர்களின் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம் என்றால், சவரன் லட்ச ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் மூன்று மாதச் சம்பளம் அரைச் சவரனுக்கே இழுபறி. அதனால் மோதிரம் விட்டுவிடவில்லை. மாதாமாதம் நகைச் சீட்டு என்ற வழியாக வந்து சேர்கிறது. வந்த வழியிலேயே திரும்பவும் போகத் தெரியும். பிரசவம், பள்ளிக் கட்டணம், ஆலையில் ஆட்குறைப்பு என்று ஏதாவது வந்தால் முதலில் கழல்வது தாலியல்ல, மோதிரம். அடகுக்கடையில் உரைகல்லில் ஒரு இழுப்பு, தராசில் ஒரு நிமிஷம். “கல் எடை கழிக்கணும்மா” என்கிறார் கடைக்காரர். என்றென்றைக்கும் நிலைக்கும் என்று அந்த அமெரிக்க விளம்பரம் சொன்ன வைரத்துக்கு இங்கே மதிப்பு பூஜ்யம். உள்பக்கம் பொறித்த இருவர் பெயருக்கும் அதே மதிப்பு. தங்கத்துக்கு மட்டும் காசு. ரோமாபுரி முதல் டி பீர்ஸ் வரை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த புராணத்தையெல்லாம் அந்தத் தராசு ஒரே நொடியில் கழித்துவிட்டு நிகர எடையை எழுதிக்கொள்கிறது. மோதிரத்தின் உண்மையை இத்தனை சுருக்கமாகச் சொன்ன இலக்கியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எனவே அரசுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நாடு எங்கேயோ போய்விட்டது. 7-ஏ பிரிவு மட்டும் 1967-லேயே நிற்கிறது. மோதிரம் ஒன்றே கல்யாணத்துக்குப் போதும் என்ற வாசகம் மண்டப உரிமையாளர்கள், நகைக்கடைக்காரர்கள், சம்பந்திகள் ஆகிய மூன்று தரப்பு மனத்தையும் புண்படுத்துகிறது. முழுச் சட்டத்தையும் தொட வேண்டாம். ‘ஏதேனும் ஒரு விரலில்’ என்பதை ‘ஏதேனும் ஒரு தவணையில்’ என்று திருத்திவிட்டால் நடைமுறைக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் ஒரே வித்தியாசமும் தீர்ந்துவிடும்.